குரலுக்கு வழிவிடும் ரஹ்மான்

ஏ.ஆர்.ரஹ்மானின் அண்மைக்காலப் பாடல்களைப் பற்றி அவருடைய ரசிகர்களிடையே நடக்கும் விவாதங்கள், எங்கே தொடங்கினாலும், பெரும்பாலும் ஓர் ஒப்பீட்டில்தான் போய் முடிகின்றன. 'ரோஜா' வெளிவந்த 1992 தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் தந்த பாடல்களை அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டு, இன்று வரும் ஒவ்வொரு பாடலும் அந்த உயரத்தைத் தொடுகிறதா என்று அளந்து பார்ப்பதும், தொடவில்லை என்றால் 'பழைய ரஹ்மான் இல்லை' என்று தீர்ப்பு எழுதிவிடுவதும் பழக்கமாகிவிட்டன. அந்த அளவுகோலே தவறு என்பதும், 2022 முதல் 2025 வரை தமிழ், இந்தி, மலையாளம் ஆகிய மூன்று மொழிகளில் அவர் இசையமைத்த படங்களை ஒருசேரக் கேட்கும்போது வேறொரு சித்திரம் கிடைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு. அந்தச் சித்திரத்தில் ரஹ்மானின் கவனம் ஒலியை விட்டுக் குரலை நோக்கி நகர்ந்திருக்கிறது. ஒரு மனிதக் குரலை முழுமையாக நம்பி, அதற்கு வழிவிட்டு அவர் ஒதுங்கி நிற்கும் இடங்களில் அவருடைய இன்றைய இசை முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சாதனைகளுக்குச் சற்றும் குறையாததாகவும், குரலை மூழ்கடிக்கும் அளவுக்கு ஒலியைப் பெருக்கித் தரும்படி படம் கேட்கும் இடங்களில் அடையாளமற்றதாகவும் இருக்கிறது.

இங்கே 'ஒலி' என்று சொல்லப்படுவதைச் சற்று விளக்க வேண்டும். ரஹ்மான் திரைக்கு வருவதற்கு முன் தமிழ்த் திரையிசை பெரும்பாலும், இசைக்குறிப்புகளைப் பார்த்து வாசிக்கும் கலைஞர்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் கூடி அமர்ந்து, பாடகரோடு சேர்ந்து பதிவு செய்வதாக இருந்தது. 1989-இல் சென்னையில் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்துக்கொண்ட ரஹ்மானோ, சிந்தசைசரிலும் கணினியிலும் தாளத்தையும் அடிநாதத்தையும் முதலில் கட்டி, அதன்மேல் ஒவ்வொரு கருவியாகவும் குரலாகவும் தனித்தனியே பதித்து, அடுக்கடுக்காகப் பாடலை எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். பாடகரை ஒரே வரியைப் பல விதமாகப் பாடவைத்து, பிறகு அவற்றில் வேண்டியதைத் தேர்ந்து கோப்பதும் இம்முறையின் ஒரு பகுதியே. தொண்ணூறுகளில் ஒலிநாடாவில் அந்தப் பாடல்களைக் கேட்டவர்கள் அதுவரை கேட்டிராத ஒரு துல்லியத்தையும் ஆழத்தையும் உணர்ந்தார்கள் என்றால், அதற்கு மெட்டு எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு இந்த ஒலியமைப்பும் காரணம். இன்றைக்கு அந்த வசதிகள் எல்லாம் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டன. ஒலியின் துல்லியம் எவருக்கும் கைக்கெட்டும் பொருளாகிவிட்ட நிலையில், புதிய ஒலியால் கேட்பவரை வியக்கவைக்கும் வாய்ப்பு அவருக்கு மட்டுமல்ல, எவருக்குமே சுருங்கிவிட்டது. கணினி தர முடியாத ஒன்றைத் தேடிப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

இந்தத் தேடலின் மிகச் சிறந்த விளைவு 2024 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'அமர் சிங் சம்கீலா'. இம்தியாஸ் அலி இயக்கத்தில் 'ராக்ஸ்டார்', 'ஹைவே', 'தமாஷா' ஆகியவற்றைத் தொடர்ந்து ரஹ்மானும் பாடலாசிரியர் இர்ஷாத் காமிலும் இணைந்த படம் இது. பஞ்சாபின் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, ஊர் ஊராகத் திறந்தவெளி மேடைகளில் பாடிப் பெரும் புகழ் பெற்று, காமத்தைக் கூச்சமின்றிப் பாடியதற்காக மிரட்டல்களுக்கு ஆளாகி, 1988 மார்ச் 8 அன்று மனைவியும் உடன்பாடுபவருமான அமர்ஜோத்துடன் மெஹ்சம்பூரில் சுட்டுக் கொல்லப்பட்ட பாடகர் சம்கீலாவின் வாழ்க்கையை அது சொல்கிறது. இசையமைப்பாளருக்கு இத்தகைய படத்தில் ஒரு தர்மசங்கடம் உண்டு: நாயகனே இசையமைப்பாளன், அவன் பாடல்கள் பஞ்சாப் மக்களின் நாவில் இன்றும் இருப்பவை, அவற்றை மாற்றினால் வரலாறு கெடும், அவற்றோடு போட்டியிட்டால் படம் கெடும். ரஹ்மான் இரண்டையும் செய்யவில்லை. சம்கீலாவின் மூலப் பாடல்களைத் தும்பி என்னும் ஒற்றைத் தந்தி இசைக்கருவியின் துள்ளலோடு, தில்ஜித் தோசாஞ்சும் பரிணீதி சோப்ராவும் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாட, மேடைப் பாடலுக்குரிய மூச்சிரைப்பும் கரகரப்பும் அப்படியே பதிவாயின. ரஹ்மான் தம் பங்குக்கு ஆறு பாடல்களை மட்டும், அந்த வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்துப் பேசுகிறவர்களின் பாடல்களாக, அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவற்றுள் 'பாஜா' என்ற தொடக்கப் பாடலை நெருங்கிக் கேட்பது தகும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து கதையையும் கதைமாந்தரையும் அவைக்கு அறிமுகம் செய்வதுபோல், சம்கீலாவின் கொலையைக் காட்டியவுடன் தொடங்கும் இந்தப் பாடல், அவனை வாழ்த்துகிறவர், வசைபாடுகிறவர், ரகசியமாக ரசித்துவிட்டு வெளியில் முகம் சுளிக்கிறவர் என ஓர் ஊரையே பேசவைக்கிறது. மோஹித் சௌஹானின் குரல் முன்னால் நடக்க, பல குரல்கள் இடையில் புகுந்து அதை மறித்தும் தொடர்ந்தும் போகின்றன; வழக்கமான பல்லவி, சரணம் என்ற கட்டுக்கோப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் முகப்பு வரிகளையும் அவற்றைத் தொடரும் பத்திகளையும் கொண்ட அமைப்பை, இப்பாடல் தளர்த்திவிட்டு, வாயடி வழக்கின் வேகத்தில் ஓடுகிறது. 'நரம் கால்ஜா' அதற்கும் ஒரு படி மேலே போகிறது. பஞ்சாபில் திருமண வீடுகளில் பெண்கள் கூடி ஆண்களைக் கேலி செய்து கொச்சையாகப் பாடுவது நெடுநாள் வழக்கம். சம்கீலாவின் பாடல்களை ஆபாசம் என்று பழித்த சமூகம் தன் வீட்டுப் பெண்களின் பாட்டில் அதே பொருளை ஏற்றுக்கொண்டிருந்தது என்பதை வாதமாகச் சொல்லாமல், அல்கா யாக்னிக், ரிச்சா சர்மா முதலிய பெண்களின் குரல்களைக்கொண்டு ரஹ்மான் பாடலாகவே காட்டிவிடுகிறார். கடைசியில் வரும் 'விதா கரோ', அரிஜித் சிங்கும் ஜொனிதா காந்தியும் பாடும் விடைபெறும் பாடல், அத்தனை ஆரவாரத்துக்குப் பிறகு வருவதாலேயே நெஞ்சை அடைக்கிறது. கடந்த பத்தாண்டுகளில் இந்தித் திரையிசையில் இதற்கு நிகரான தொகுப்பு வந்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றே தயங்காமல் சொல்லலாம்.

தமிழில் இதே மனப்பாங்கை 2023 ஜூனில் வெளியான 'மாமன்னன்' காட்டுகிறது. 'பரியேறும் பெருமாள்', 'கர்ணன்' ஆகிய படங்களில் சந்தோஷ் நாராயணனோடு பணியாற்றிய மாரி செல்வராஜ் இப்படத்துக்கு ரஹ்மானை நாடியபோது, மண்ணோடு ஒட்டிய ஓர் இயக்குநரின் உலகமும் பஞ்சதனின் மெருகும் ஒத்துப்போகுமா என்ற ஐயம் ரசிகர்களுக்கே இருந்தது. அதற்கு விடையாக முதலில் வந்த பாடல் யுகபாரதியின் வரிகளில் 'ராசா கண்ணு', பாடியவர் வடிவேலு. 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாடலில் பிரபுதேவாவுடன் ஆடிய வடிவேலுவுக்கு அன்றைக்குப் பின்னணி பாடியது வேறு குரல். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அதே இசையமைப்பாளர், தமிழ்நாடே சிரிப்போடு மட்டும் சேர்த்து அறிந்திருந்த அந்தக் குரலிடம் ஓர் ஒப்பாரியை ஒப்படைத்தார். ஒப்பாரி என்பது இறந்தவரை முன்னிட்டுப் பாடும் புலம்பல் என்றாலும், இழந்த வாழ்வு முழுவதையும் அதில் சொல்லி அழுவதே கிராமத்து வழக்கம். இப்பாடலும் அப்படித்தான் தனியொரு சாவைப் பற்றியதாக அல்லாமல், ஒரு மக்கள் கூட்டம் பட்ட பாட்டைப் பற்றியதாக விரிகிறது. பயிற்சி பெற்ற பாடகர் ஒருவர் பாடியிருந்தால் சுரங்கள் இன்னும் சுத்தமாக நின்றிருக்கும் என்பது உண்மை; ஆனால் வரியின் முடிவில் வடிவேலுவின் குரல் லேசாகத் தழுதழுத்துக் கீழே இறங்கும் இடங்களைக் கருவியால் மூடாமலும் திருத்திச் செப்பனிடாமலும் அப்படியே விட்டுவைத்திருப்பதில்தான் இசையமைப்பாளரின் தீர்மானம் தெரிகிறது. துயரத்தைப் பாடும்போது குரல் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை என்பதை நாட்டுப்புறப் பாடகர்கள் எப்போதும் அறிவார்கள். அதைத் திரையிசை ஏற்றுக்கொள்வது அரிது.

2022 செப்டம்பரில் வெளியான கௌதம் வாசுதேவ் மேனனின் 'வெந்து தணிந்தது காடு' படத்தின் 'மல்லிப்பூ' பாடலும் இதே வகையில் சேரும். பிழைப்புக்காக மும்பை சென்று பரோட்டாக் கடையில் வேலை பார்க்கும் ஆண்கள் கூடி ஆட, ஊரில் காத்திருக்கும் மனைவியின் ஏக்கமாக மதுஸ்ரீயின் குரல் கேட்கிறது. தாமரையின் எளிய சொற்களுக்கு அமைந்த மெட்டு முதல் முறை கேட்கும்போதே பழகியதுபோல் மனத்தில் உட்கார்ந்துவிடுவதால், ரஹ்மான் பாடல்கள் கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும் என்ற பொதுக்கருத்தை இது பொய்யாக்குகிறது.

மலையாளத்தில் அவர் மிகக் குறைவாகவே இசையமைத்திருக்கிறார். 1992-இல் 'யோதா', அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்து, நிலச்சரிவில் புதையுண்ட ஒருவனின் கதையான 'மலையன்குஞ்ஞு', 2024-இல் 'ஆடுஜீவிதம்'. பென்யாமின் எழுதி 2008-இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட நாவலைத் தழுவி பிளெஸ்ஸி இயக்கிய இப்படம், வேலை தேடி வளைகுடா சென்று பாலைவனத்து ஆட்டுக்கொட்டிலில் அடிமையாகச் சிக்கிய நஜீபின் கதை. ரஃபீக் அகமது எழுதி ஜித்தின் ராஜ் பாடிய 'பெரியோனே' என்ற பாடல், இறைவனை 'ரஹ்மானே', அதாவது அளவற்ற அருளாளனே, என்று விளிக்கும் வேண்டுதல். இசையமைத்தவரின் பெயரும் அதுவே என்பது தற்செயல்தான் என்றாலும், தம் சொந்த நம்பிக்கையிலிருந்து எழுந்த இசை என்ற உணர்வைக் கேட்பவருக்கு அது தராமல் இல்லை. பாலைவனக் காட்சிகளில் பின்னணி இசை, அதாவது காட்சியின் உணர்வைத் தாங்க உரையாடலுக்கும் அசைவுக்கும் கீழே ஒலிக்கும் இசை, சில இடங்களில் தேவைக்கு அதிகமாகவே பேசிவிடுகிறது. காற்றும் மணலும் மட்டும் கேட்டிருந்தால் நஜீபின் தனிமை இன்னும் கொடியதாகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு குரல் பாலைவெளியில் உயரும்போது அந்தக் குறையெல்லாம் மறந்துபோகிறது.

இக்காலத்துப் படங்களில் ரஹ்மானுக்கு மிகக் கடினமான வேலையைக் கொடுத்தது மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) என்பதில் ஐயமில்லை. கல்கியின் தொடர்கதை 1950 முதல் 1954 வரை வெளிவந்த நாள்தொட்டு மூன்று தலைமுறைத் தமிழர்கள் வந்தியத்தேவனையும் குந்தவையையும் தங்கள் தங்கள் மனத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த மாந்தர் எந்த இசையைக் கேட்டிருப்பார்கள் என்பதை மட்டும் யாரும் வரைந்து பார்த்ததில்லை. சோழர் காலத்து இசை எப்படி ஒலித்தது என்பதற்குச் செவிச்சான்று கிடையாது. கல்வெட்டுச் சான்று மட்டும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பிடாரர்களையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிக்க ஒருவரையும் கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பிடாரர் என்போர் தேவாரப் பதிகங்களைப் பண்ணோடு பாடியவர்கள். பண் என்பது பழந்தமிழ் இசையில் ராகத்துக்கு நிகரான சுர ஒழுங்கு. ஆக, கூடிப் பாடும் பெருங்குரலும் தோல்கருவியும்தான் அந்தக் காலத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்த செய்தி. தமிழின் பழைய சரித்திரப் படங்கள் அரசவைக் காட்சி என்றாலே கர்நாடக இசையை நாடின. அந்த இசையின் இன்றைய கச்சேரி வடிவமும் சோழருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டதே என்பதால், ரஹ்மான் இசை காலத்துக்குப் பொருந்தவில்லை என்று குறைப்படுவோர் எந்தக் காலத்தின் இசையை எதிர்பார்த்தார்கள் என்ற கேள்வி எழுகிறது.

இளங்கோ கிருஷ்ணன் எழுதிய 'பொன்னி நதி', 'சோழா சோழா', 'தேவராளன் ஆட்டம்' ஆகிய மூன்றிலும் கூட்டுக்குரலும் தோல்கருவியுமே முதுகெலும்பாக இருக்கின்றன. நாவலில் கடம்பூர் மாளிகையில் தேவராளன் வெறிகொண்டு ஆடும் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு, யோகி சேகரின் குரலில் அந்தப் பாடல் தரும் அச்சம் கல்கி எழுத்தில் உணர்ந்த அச்சத்தோடு பொருந்திப்போகும். பூங்குழலிக்காக அந்தரா நந்தி பாடிய 'அலைகடல்' அதற்கு நேர்மாறாக, தாலாட்டுக்கும் தாபத்துக்கும் நடுவில் படகுபோல் அசைகிறது. இரண்டாம் பாகத்தில் சக்திஸ்ரீ கோபாலனின் 'அக நக' அத்தகையதே. முதல் பாகத்தின் பின்னணி இசை ரஹ்மானுக்கு ஏழாவது தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. இருப்பினும் இத்தனை உழைப்பில் பிறந்த பாடல்களில் சில திரையில் துண்டுகளாக மட்டுமே வந்து மறைந்தன என்பது ரசிகர்களின் நியாயமான ஆற்றாமை.

'பொன்னி நதி'யின் அடித்தளமாக ஒலிக்கும் கனத்த குரல்களில் ஒன்று பம்பா பாக்யாவுடையது. '2.0' படத்தின் 'புள்ளினங்காள்', 'சர்கார்' படத்தின் 'சிம்டாங்காரன்' என்று ரஹ்மானோடு பாடிவந்த அவர், படம் திரைக்கு வருவதற்கு நான்கு வாரங்கள் முன்னதாக, 2022 செப்டம்பர் 2 அன்று காலமானார். 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில் அவருடைய குரலும், 1997-இல் விபத்தில் இறந்த ஷாகுல் ஹமீதின் குரலும் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மீண்டும் ஒலித்தன. இரு குடும்பங்களின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் அளித்த பின்னரே இதைச் செய்ததாக ரஹ்மான் அறிவித்தார். இன்று பலரும் யாரையும் கேட்காமல் குரல்களைப் போலி செய்யும் நிலையில் அந்த நாணயம் மதிக்கத்தக்கது. ஆனாலும் அந்தப் பாடலில் ஒரு வெறுமை இருக்கிறது. 1993-இல் 'திருடா திருடா' படத்துக்காக ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாடலை அடுத்து வைத்துக் கேட்டால் அது விளங்கும். கருவி இசையை ஏறத்தாழ முற்றிலும் விலக்கி, ஒரு குரலையும் அதைச் சூழ்ந்த கூட்டுக்குரல்களையும் மட்டும் நம்பி, ஒலியின் மன்னர் என்று புகழப்பட்ட அந்த நாளிலேயே ரஹ்மான் செய்த பாடல் அது. 'ராசா கண்ணு'வுக்கு விதை அங்கேதான் இருக்கிறது. அதில் ஷாகுல் ஹமீது எந்தச் சொல்லை இழுப்பது, எந்த இடத்தில் மூச்சு விடுவது என்று தாமே தீர்மானித்துப் பாடுகிறார். 2024-இல் ஒலிப்பதில் அவருடைய குரலின் நிறம் மட்டுமே இருக்கிறது, தீர்மானம் இல்லை. குரலை இவ்வளவு நேசிக்கும் கலைஞர் ஒருவர் இந்த வழியில் மேலும் செல்லாதிருக்க வேண்டும் என்று அவரை நேசிப்பவர்கள் விரும்புவது இயல்பு.

சறுக்கல்களில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் வந்து வசூலில் பெருவெற்றி கண்ட 'சாவா' படத்தில், மராத்திய அரசர் சம்பாஜியின் கதைக்கு அந்த மண்ணின் குரலாக வைஷாலி சாமந்தைக் கொண்டுவந்தது பொருத்தமான தேர்வு. ஆனால் போர்க்காட்சிகளில் பின்னணி இசை உரையாடலின் மேலும் உணர்ச்சியின் மேலும் ஏறி அமர்ந்து, அடங்கவேண்டிய இடத்திலும் அடங்காமல் முழங்குகிறது. 'கோப்ரா' போன்ற படங்களில் நல்ல பாடல்கள் இருந்தும் படத்தின் குழப்பம் அவற்றை விழுங்கிவிட்டது.

மணிரத்னம் இயக்கி 2025 ஜூன் 5 அன்று வெளியான 'தக் லைஃப்' படத்தின் 'முத்த மழை' இந்த நான்கு ஆண்டுகளின் கடைசிப் பகுதியில் குரலைப் பற்றிய வேறொரு கதையைச் சொல்கிறது. சிவா ஆனந்த் எழுதிய இப்பாடலைத் தமிழில் பாடகி தீ பாடியிருந்தார்; தெலுங்கிலும் இந்தியிலும் பாடியவர் சின்மயி. மே மாதம் சென்னையில் நடந்த இசை வெளியீட்டு விழாவுக்குத் தீ வர இயலாமற்போனதால், மேடையில் தமிழ்ப் பாடலைச் சின்மயி பாடினார். 2002-இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் இதே இசையமைப்பாளரும் இதே இயக்குநரும் அறிமுகம் செய்த குரல் அது. 2018-க்குப் பிறகு தமிழில் அதற்கு வாய்ப்புகள் குறைந்துபோயிருந்த காலம் இது. தீயின் பதிவு சொற்களின் ஓரங்களை மங்கவிட்டு, ஏக்கத்தை அடித்தொண்டையில் வைத்துக்கொண்டு, கேட்பவரை மெல்ல மெல்ல உள்ளே இழுப்பது. சின்மயி பாடியது ஒவ்வொரு சொல்லையும் துலக்கி, மேல்சுரங்களில் நின்று, மறைக்காமல் கேட்பது. எது சிறந்தது என்று தமிழ்நாட்டில் பல வாரங்கள் பேசப்பட்டது என்றாலும், ஒரே மெட்டு இரண்டு பெண்களின் மனநிலைகளைத் தாங்கும் அளவுக்கு இடம்விட்டு அமைந்திருக்கிறது என்பதே அந்தப் பேச்சில் விடுபட்ட செய்தி. படம் திரைக்கு வந்தபோது அதில் அந்தப் பாடல் இல்லை. திரையில் அதற்கென்று எடுத்த காட்சியைப் பார்க்காத மக்களின் நினைவில், மேடையில் ஒலிவாங்கிக்கு முன் நின்று ஒரு பெண் பாடுவதே அந்தப் பாடலின் காட்சியாக இருக்கிறது.